தறிச் சத்தத்துக்கு நடுவே ஹை-ரெஸ் கேட்குமா?

கேள்வி: சோமனூரில் இருக்கிறோம். பக்கத்திலேயே விசைத்தறி ஓடுகிறது. பாட்டுக் கேட்க ஸ்ட்ரீமர் (இணையப் பாட்டை எடுத்து ஆம்புக்குக் கொடுக்கும் கருவி), ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கோவையில் ஒரு கடையில், "24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்ட்ரீமர் எடுங்க, சிடி தரமெல்லாம் பழசுங்க" என்று அதற்கு மட்டும் 40,000 சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாங்க. அந்த 40,000 ஸ்பீக்கருக்கும் ஆம்புக்கும் போகட்டும். சிடியைவிடக் கூடுதல் பிட், கிலோஹெர்ட்ஸில் வரும் ஒலியைத்தான் 'ஹை-ரெஸ்' என்கிறார்கள்.

கிலோஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு ஒலியை எத்தனை ஆயிரம் தடவை அளந்து எழுதுகிறார்கள் என்ற கணக்கு. அதில் பாதி வரைக்குமான அதிர்வுகள் பதிவாகும். சிடியில் 44.1, ஆக 22,000 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். நல்ல இளம் காதுக்கே எல்லை 20,000 ஹெர்ட்ஸ்தான், வயது ஏற ஏற அதுவும் குறையும். 192இல் கூடுதலாகப் பதிவாவது மனிதக் காதுக்கு எட்டாத பகுதி.

பிட் கூடக் கூட, பதிவாகும் மிக மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி கூடும். 16 பிட்டில் சுமார் 96 டெசிபல், 24 பிட்டில் கணக்குப்படி 144. ஒலிப்பதிவுக் கூடத்தில், பாட்டைப் பதிந்து கலக்கும்போது 24 பிட் உண்மையிலேயே உதவும். உங்கள் வீட்டில்? சுவரைத் தாண்டி வரும் தறிச் சத்தத்தில் அந்த மெல்லிய ஒலிகள் முதலில் மூழ்கிவிடும். தறி நின்ற நேரத்திலும் ஃபேன் ஓடினால் போதும், அதே கதைதான்.

2007இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் இதைச் சோதித்து எழுதினார்கள். ஹை-ரெஸ் ஒலியையும், அதையே சிடி தரத்துக்கு இறக்கிய ஒலியையும் எது என்று சொல்லாமல் 554 முறை கேட்கவைத்ததில், சரியாகச் சொன்னது ஏறக்குறைய பாதி. பூவா தலையா போட்டாலும் அவ்வளவுதான் வரும்.

அப்புறம், 1960களின் திரைப்பாட்டுகளை ஹை-ரெஸ்ஸில் கேட்க ஆசைப்படுவோர் பலர். மூலமே காந்த நாடா. அதன் இரைச்சல் 16 பிட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். புதுப் பதிப்பு நன்றாக இருந்தால், அது நாடாவைக் கவனமாகச் சுத்தம் செய்தவரின் உழைப்பு.

உங்கள் காதுக்கு எட்டும் மாற்றம் அறையில் இருக்கிறது. டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்றால் ஒலி எதிரொலித்துக் குழம்பும். பவானி ஜமுக்காளம் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து, கனமான திரைச்சீலை போட்டு, ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி தள்ளி வைத்துக் கேளுங்கள். இதை முதலில் செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கடையில் ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்த அளவில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதுமே நல்லதாகத் தோன்றும்.

கேள்வி: போனில் 'லாஸ்லெஸ்' (தரம் குறையாமல் சுருக்கிய ஒலி) என்று காட்டுகிறது. புளூடூத் ஸ்பீக்கரில் அதே தரம் வருமா? (கோபிசெட்டிபாளையம் வாசகர்)

பதில்: பெரும்பாலும் வராது. சிடி தர ஒலிக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் நல்லது என்று பேசப்படும் எல்டாக்கே அதிகபட்சம் 990 தான். சாதாரண ஏஏசி அதைவிடக் குறைவு. அனுப்பும்போது ஒலி மறுபடியும் சுருக்கப்படுகிறது. முழுத் தரம் வேண்டுமென்றால் ஒயர் அல்லது வைஃபை. போனில் செருகும் சின்ன டாக் (டிஜிட்டல் ஒலியை ஆம்புக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் கருவி) ஒன்றை வாங்கி, ஆம்புக்கு ஒயர் கொடுத்தாலே போதும்.

ஆப்பிள் மியூசிக் 2021இலிருந்து லாஸ்லெஸ்ஸுக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் டேட்டாவைப் பாருங்கள். சுருக்காத கணக்கில் ஒரு மணி நேரப் பாட்டு சிடி தரத்தில் சுமார் 635 எம்பி, 24 பிட் 192இல் 4 ஜிபிக்கு மேல். லாஸ்லெஸ் கோப்பு அதைவிடச் சிறியதுதான்; இருந்தாலும் தினம் 2 ஜிபி பேக் வைத்திருப்பவர் 192ஐ அணைத்து வைப்பதே நல்லது.