தாசில்தார் கையில் எது, டெல்லி கையில் எது?

கேள்வி: ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். எங்களுக்குப் பெயின்ட் அடித்தவர் அங்கேதான் இருக்கிறார், 1990ல் சின்னப் பையனாக இலங்கையிலிருந்து வந்தவராம், பேச்சே மதுரைப் பேச்சாகிவிட்டது. இவருக்கெல்லாம் நம்ம கலெக்டரோ முதல்வரோ ஒரு கையெழுத்துப் போட்டுக் குடியுரிமை தர முடியாதா?
- வாசகர், கூடல்நகர்

பதில்: முடியாது. குடியுரிமையும் வெளிநாட்டவர் விவகாரமும் அரசியல் சட்டப்படி டெல்லி சமாச்சாரம். குடியுரிமைத் திருத்தச் சட்டம் அடைக்கலம் தேடி வந்தவர்களுக்குக் குடியுரிமை தர வழி செய்யும் நாடுகளில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கிறது, இலங்கை இல்லை. அதை எதிர்த்து 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றம் தீர்மானமே போட்டது, ஆனால் தீர்மானத்தைக் காட்டி யாரும் பாஸ்போர்ட் வாங்க முடியாதே. 2025ல் மத்திய அரசு ஒரு சலுகை தந்தது: 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மேல், பாஸ்போர்ட், விசா இல்லை என்று தண்டனை நடவடிக்கை வராது. அவ்வளவுதான், குடியுரிமை இல்லை.

சரி, அப்படியென்றால் மாநில அரசுக்கு வேலையே இல்லையா என்று கேட்டால், உங்கள் பெயின்டரின் அன்றாடப் பாடு முழுக்க அதன் கையில்தான். வீடு, அரிசி, பிள்ளைகள் படிப்பு எல்லாமே. 2021 ஆகஸ்டில் ரூ.317.40 கோடிக்குத் திட்டம் அறிவித்தார்கள், 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதும் அதில் உண்டு. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று பணக்கொடையும் ஏறியது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள், நல்லதுதான். ஆனால் செக்கிங் என்று ஒன்று உண்டு. ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், நோட்டோடு உட்கார்ந்திருப்பார், பெயர் வாசிக்கும்போது ஆள் எதிரே நிற்க வேண்டும். திண்டுக்கல்லில் பத்து நாள் வேலை பிடித்தவர் நடுவில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பெயின்ட் காயாத கையோடு பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ராத்திரியே திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்த செக்கிங்கை ஞாயிற்றுக்கிழமை வைக்க டெல்லியைக் கேட்க வேண்டுமா என்ன?

அப்புறம், ஆனையூர் மாநகராட்சி எல்லைக்குள்தான் வருகிறது. முகாம்காரர்களுக்கு ஓட்டு கிடையாது, சாக்கடை அடைத்தால் கவுன்சிலருக்கு அவசரமும் கிடையாது. உங்களுக்கு ஓட்டு இருக்கிறதல்லவா, ஒரு போன் போடுங்கள்.

கேள்வி: முகாமிலேயே பிறந்தவர்களுக்கும் இதே கதைதானா?
- வாசகி, மேலூர்

பதில்: எப்போது பிறந்தார்கள் என்பதைப் பொறுத்தது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், அப்பா அம்மா யாராக இருந்தாலும், சட்டப்படி இந்தியர். மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022ல் உத்தரவு போட்டது நம்ம ஒத்தக்கடை பக்கம் இருக்கிற ஹைகோர்ட் கிளைதான். உள்ளூர் ஆபீஸில் எழுதி வைத்த பிறப்புப் பதிவுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது, அது இல்லாமல் தேதியை நிரூபிக்க நாய் படாத பாடு பட வேண்டும். அந்தத் தேதிக்கு ஒரு நாள் பிந்திப் பிறந்திருந்தாலும் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் கெடுபிடி. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்கா இந்தியர், தங்கை அகதி என்று ஆவதற்கு இந்தத் தேதி ஒன்றே போதும்.

கேள்வி: டெல்லி வேண்டாம் என்று சொன்னாலும், மாநிலம் மீறி யாரையாவது சேர்த்துக்கொள்ள முடியுமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: மிசோரம் செய்திருக்கிறது. 2021ல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் எல்லை தாண்டி அங்கிருந்து சின் இனத்து மக்கள் வந்தார்கள். உள்ளே விடாதீர்கள், அகதி என்று அங்கீகரிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் இல்லை என்று உள்துறை அமைச்சகம் கடிதம் எழுதியது. அப்போதைய முதல்வர் ஜோரம்தங்கா, இவர்கள் எங்கள் ரத்த சொந்தம், கண்டும் காணாமல் இருக்க முடியாது என்று பிரதமருக்கே எழுதிவிட்டார். 30,000 பேருக்கு மேல் அங்கே தங்கினார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள், தேவாலயங்களும் கிராமத்து ஆட்களும் சோறு போட்டார்கள். அகதி என்று ஒரு காகிதம் மட்டும் மிசோரத்தால் கொடுக்க முடியவில்லை.