டர்பன் வெயிலுக்கு ஏற்ற மடிக்கணினித் திரை

வணக்கம் ஐயா. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் அமர்ந்து தமிழ்ப் பாடக் குறிப்புகளைத் தட்டச்சு செய்யும்போது, திரையில் எழுத்தைவிடத் தங்கள் முகமே தெளிவாகத் தெரிகிறது என்றும், அடுத்த மடிக்கணினியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது திரையின் மேற்பரப்பு. பளபளப்பான திரை ஒளியைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்புகிறது. மேட் திரையோ தன் நுண்ணிய சொரசொரப்பால் அதைச் சிதறடிப்பதால், பிம்பம் உருவம் கலைந்து மங்கிவிடுகிறது. ஆனால் சிதறிய ஒளி மறைந்துபோவதில்லை. வெளிறிய படலமாகத் திரையெங்கும் பரவுகிறது. அதை வெல்லத் திரைக்கே போதிய வெளிச்சம் இருக்க வேண்டும். இந்த வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். மலிவான கணினிகளில் காணப்படும் 250 நிட்ஸ் அறைக்குள் போதும். தாழ்வாரத்துக்கு 400 நிட்ஸுக்குக் குறைந்ததை நான் வாங்கமாட்டேன். நேர் வெயிலில் அதுவும் திணறும்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையின் நிறங்களில் மயங்கிவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை பளபளப்பானவை. திங்க்பேட் போன்ற அலுவலக வகைகளில் மேட் திரை பரவலாகக் கிடைக்கிறது, எனினும் ஒரே மாடல் பல திரைகளுடன் விற்கப்படுவதால், எந்தத் திரை என்று கேட்டே வாங்குங்கள். கடையில் கணினியை அணைக்கச் சொல்லி, கருந்திரையில் கூரை விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். விளக்கின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் அது தங்களுக்கு உதவாது.

அதுவரை, தென் அரைக்கோளத்திலுள்ள நம் ஊரில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால், வடக்கே முதுகு காட்டி அமராமல், நாற்காலியைக் கிழக்கு அல்லது மேற்குப் பக்கமாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.