பேட்ச் அனுப்ப ஆளுண்டு, பார்க்கத்தான் ஆளில்லை

டெபியன் என்பது லினக்ஸ் வகை இலவச இயங்குதளம். அதில் பதினோரு வருடமாகச் சில பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் தொகுப்புகளை, பராமரிக்கிறேன். வீடு தக்கலைப் பக்கம். சம்பளம் கிடையாது, பகலில் வேறு வேலை. தன்னார்வலர்களை வைத்து இவ்வளவு பெரிய திட்டம் எப்படி ஓடுகிறது என்று நம்ம மாவட்டத்துக்காரர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவி: அக்கா, சம்பளம் இல்லாத ஆட்களை யார் வேலை வாங்குகிறார்கள்?

யாரும் வாங்க முடியாது. 1993இல் இயான் மர்டாக் தொடங்கியது டெபியன். இப்போது ஓட்டுரிமை உள்ள டெவலப்பர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். வருடா வருடம் தேர்தல் வைத்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் அந்தத் தலைவரே வந்து சொன்னாலும் பிடிக்காத வேலையை நான் செய்ய வேண்டியதில்லை. எங்கள் சட்டதிட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. செய்கிறவர் வழியில் குறுக்கே நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

குளச்சல்: பேட்ச் (கோடில் ஒரு திருத்தம்) அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. ஒரு வார்த்தை பதில் இல்லை. புது ஆள் என்றால் இளக்காரமா?

இளக்காரம் இல்லை தம்பி, ஆள் பற்றாக்குறை. கோட் எழுத எப்போதும் யாராவது வருவார்கள், அதைப் படித்துப் பார்த்துச் சேர்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. உங்களுக்கு அது ஒரு சாயங்கால வேலை. நான் அது எதற்கு என்று புரிந்துகொண்டு, ஓட்டிப் பார்த்து, வேறு எதையாவது உடைக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சேர்த்த பிறகு நீங்கள் போய்விடலாம், அதில் வரும் பக் (பிழை) எல்லாம் என் தலையில்தான் விடியும். ரப்பர் கன்று நடுகிறவருக்கும், பால் வெட்டும் பருவம் வரை ஏழு வருடம் அதைக் காத்து நிற்கிறவருக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

அதனால் பேட்ச் சின்னதாக இருக்கட்டும். ஒன்றில் ஒரே மாற்றம். என்ன செய்தீர்கள் என்பது கோடிலேயே தெரியும், ஏன் செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். பிழையை என் கணினியில் எப்படி வரவழைப்பது என்று படிப்படியாகச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் போடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். அப்புறம், வரிசையில் காத்திருக்கும் வேறொருவர் பேட்சை ஓட்டிப் பார்த்து "எனக்கு வேலை செய்கிறது" என்று எழுதுங்கள். அப்படி நாலு தடவை எழுதினவர் பெயர் மெயின்டெய்னர் (பேக்கேஜைப் பராமரிப்பவர்) மனதில் நின்றுவிடும்.

ஆனாலும் மூன்று மாத மௌனம் தப்புதான். "இது வேண்டாம்" என்று ஒரு வரி எழுத ஐந்து நிமிடம் போதும். நானும் ஒரு பையனின் பேட்சை ஐந்து மாதம் கிடப்பில் போட்டிருக்கிறேன். கடைசியில் சேர்த்துவிட்டு நன்றி சொன்னபோது அவன் பதில் எழுதவில்லை. என் முதல் பேட்சுக்கு இரண்டே நாளில் பதில் வந்தது: மூன்றாம் வரியில் எழுத்துப்பிழை, மற்றபடி நன்று. அந்தப் பதில் வராமல் இருந்திருந்தால் நானும் இங்கே இருந்திருக்க மாட்டேன்.

நாகர்கோவில், ஐடி ஊழியர்: கம்பெனிகள் பணம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

பாதி சரியாகும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, உலகத்து வலைத்தளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளுக்கு நன்கொடையாக வந்துகொண்டிருந்தது வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர். முழுநேர ஆள் ஒரே ஒருவர். அதன் பிறகுதான் லினக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாகப் பெரிய நிறுவனங்கள் காசு போட்டன. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இன்று பெரும்பாலான மாற்றங்களைச் செய்வது சம்பளக்காரர்கள்தான்.

ஆனால் காசு கொடுக்காமலேயே அதட்டுகிறவர்களும் உண்டு. ஒரு கம்பெனி எனக்கு "வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யவும்" என்று எழுதியது. எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டேன். அப்புறம் கடிதமே இல்லை.

தக்கலை: உதவுகிறேன் என்று வருகிற எல்லாரையும் நம்பலாமா?

எக்ஸ்இசட் கதையைக் கேளுங்கள். பல சிஸ்டங்களில் இருக்கும், ஃபைல்களைச் சுருக்கும் மென்பொருள் அது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு தன்னார்வலர், அவரும் களைத்துப்போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை பெற்றார். இடையில் முகம் தெரியாத சில கணக்குகள் "ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைச் சேருங்கள்" என்று அந்தத் தன்னார்வலரை நச்சரித்தன. பொறுப்பு கைமாறியது. 2024இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் கள்ளக்கதவு, அதாவது வெளியாள் ரகசியமாக நுழைய ஒரு வழி. தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் மார்ச் 29 அன்று அதை வெளியே சொன்னார். டெபியனில் சோதனைக் கிளைகள் வரை வந்துவிட்டது, பொதுப் பயன்பாட்டுக்கான ஸ்டேபிள் பதிப்பு தப்பியது.

இதைக் கேட்டுப் புதியவர்களுக்குக் கதவைச் சாத்த வேண்டாம். ஒற்றை ஆளிடம் விடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. மூன்று பேர் பார்க்கும் இடத்தில் ஒருவரைக் களைக்க வைத்து உள்ளே வருவது கஷ்டம்.

கருங்கல், ஆசிரியை: எனக்குக் கோட் தெரியாது. ஏதாவது செய்யலாமா?

தாராளமாக, டீச்சர். தமிழ் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கலாம். பழைய பக் இன்னும் வருகிறதா என்று ஓட்டிப் பார்க்கலாம்.

இரணியல்: பொறுப்பில் இருப்பவர் சொல்லாமல் காணாமல் போனால்? நீங்கள் எப்போது விடுவீர்கள்?

டெபியனில் இதற்கென்றே ஒரு குழு உண்டு. சத்தமே இல்லாத மெயின்டெய்னருக்கு எழுதி, "இருக்கிறீர்களா, கைமாற்றிவிடலாமா" என்று விசாரிக்கும். கல்யாணம், குழந்தை, உடம்பு சரியில்லை, ஆயிரம் காரணம் இருக்கும். போகிறவரைக் குற்றவாளியாக்கினால் அடுத்தவர் சொல்லிக்கொள்ளாமலேயே போவார். அதனால் முறையாகச் சொல்லவும் வழி வைத்திருக்கிறோம். பேக்கேஜுக்கு ஒரு குறியீடு போட்டால் போதும்: உதவி வேண்டுமென்றால் ஆர்எஃப்ஹெச், தத்தெடுக்க ஆள் வேண்டுமென்றால் ஆர்எஃப்ஏ, கைவிட்டாச்சு என்றால் 'ஓ' (O) என்ற எழுத்து. பைதான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசமே 2018இல் விலகினார். ஐந்து பேர் குழு பொறுப்பேற்றது, பைதான் நன்றாகவே ஓடுகிறது.

நானும் போன மாதம் ஒரு பேக்கேஜுக்கு ஆர்எஃப்ஏ போட்டிருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. மார்த்தாண்டம் தங்கச்சி, உங்களுக்குப் பெர்ல் நிரல்மொழி தெரியுமா?