புகை அறையில் ஒரு கட்டு டிக்கெட்

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். மனைவி முந்திரி ஆலைக்குப் போகிறாள். மகளுக்கு நர்சிங் ஃபீஸ் பாக்கி. ஆறு வருடமாக வாரம் 200 ரூபாய்க்கு, களியக்காவிளை தாண்டிப் போய்க் கேரள லாட்டரி வாங்குகிறேன். விழாத டிக்கெட்டுகளை ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையில் செருகி வைத்திருக்கிறேன். போன மாதம் முதல் பரிசு கடைசி ஒரு எண்ணில் தவறியது. இத்தனை நாள் விழாததால் இனி விழும் வாய்ப்பு கூடியிருக்கும் அல்லவா?

பதில்: கூடவில்லை தம்பி. போன வாரம் நீங்கள் தோற்றது இந்த வாரக் குலுக்கலுக்குத் தெரியாது. ஒரு வார லாட்டரிக்கு 12 வரிசை, வரிசைக்கு 9 லட்சம் எண். மொத்தம் 1 கோடியே 8 லட்சம் டிக்கெட். கிராமுக்கு 50 அரிசி என்று வைத்தால் 216 கிலோ அரிசி. அதில் ஒரே ஒரு மணிக்குத்தான் முதல் பரிசு. தினம் ஒரு டிக்கெட் வாங்கினாலும், சராசரியாக ஒரு தடவை விழச் சுமார் 29,600 வருடம் ஆகும். கடைசி எண்ணில் தவறியதா? அதே வரிசையில் அப்படித் தவறிய எண் இன்னும் எட்டு உண்டு. அவர்களும் உங்களைப் போலத்தான் தூங்காமல் கிடந்திருப்பார்கள்.

சரி, கணக்கு முடிந்தது. எனக்கு உறுத்துவது அந்தப் புகை அறை. வீட்டில் பீரோ இல்லையா? சாமி படத்துக்குப் பின்னால் இடமில்லையா? மகளுக்காக வாங்குகிற சீட்டை மகளின் அம்மாவிடம் ஏன் ஒளிக்க வேண்டும்? விழாது என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான். தோற்ற டிக்கெட்டைக் கிழித்துப் போடவும் மனமில்லை. புகையில் பழுப்பேறட்டும் என்று கட்டி வைத்திருக்கிறீர்கள். ஆறு வருடத்தில் 62,400 ரூபாய். கொட்டை உடைத்து, அந்த எண்ணெய் பட்டுக் கை கறுத்துப்போன பெண்ணுக்கு அதில் பாதி சொந்தம். பணம் போனதைக்கூட நான் மன்னிப்பேன், அவளிடம் மறைத்ததை மன்னிக்க மாட்டேன். ஃபீஸுக்கு என்று மகளின் பெயரை இழுக்காதீர்கள். அவள் கேட்டது ஃபீஸ், லாட்டரி அல்ல.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டை எடுத்து வந்து மனைவி முன்னால் வையுங்கள். எண்ணச் சொல்லுங்கள். கத்துவாள். கத்தி முடிக்கும்வரை எழுந்து டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். அப்புறம் இரண்டு பேருமாக உட்கார்ந்து, அந்த வாரத்து 200 ரூபாயை எங்கே வைப்பது என்று அவளையே சொல்லவிடுங்கள்.