போச்சம்பள்ளி ஏன் தேடலில் சிக்கவில்லை?

தம்பி, நிரலின் தேடலில் போச்சம்பள்ளி என்ற ஊர்ப்பெயர் கிடைக்காத பிழைக்கு நீங்கள் அனுப்பிய நிரல் திருத்தத்தை, அது வேலை செய்வதைச் சரிபார்க்கும் சோதனை நிரல் இல்லையென்று திருப்பிவிட்டார்கள் என எழுதியிருந்தீர்கள். வருந்தாதீர்கள், நீங்கள் பிடித்தது உண்மையான பிழை. எழுத்துகளுக்கு எண் தரும் கணினி முறையான யூனிகோடில் 'போ' இரண்டு விதமாக அமையலாம்: பகரத்துடன் ஒரே ஓகாரக் குறி, அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. அந்த ஓர் ஊருக்கு மட்டும் விதிவிலக்கு எழுதியது சரியில்லை. தேடும் சொல்லையும் சேமித்த சொல்லையும் என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றி ஒப்பிடுங்கள்; 'தொ'வில் இதே சிக்கல் வரக்கூடிய தொப்பூரும் சேர்ந்து சரியாகும். பிறகு, பழைய நிரலில் தோற்றுப் புதியதில் வெல்லும் சிறு சோதனையை இணையுங்கள். கிருஷ்ணகிரியில் படித்தபோது என் முதல் திருத்தமும் இப்படித்தான் திரும்பி வந்தது. அன்றிரவு எழுதிய சோதனை எட்டே வரி. புதிய புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) வேண்டாம், பழையதிலேயே சேர்த்து அனுப்புங்கள்.