எம்.எஸ்சி. தாவரவியல் முடித்த மகள் பி.எச்டி. சேரலாமா? ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அம்மா,

நீங்கள் மகளை பி.எட். சேரச் சொல்கிறீர்கள், அவள் பி.எச்டி.தான் என்று நிற்கிறாள். "இன்னும் ஐந்தாறு வருஷம் எங்களால் தாங்க முடியுமா, முடித்தால் வேலை உண்டா, அதற்குள் வயசு ஏறிவிடாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் தாய் கேட்டே ஆகவேண்டிய கேள்விகள். பி.எட். தப்பான வழியும் இல்லை. முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதி மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியராகலாம். பிள்ளைகளோடு இருக்கப் பிடித்தவர்களுக்கு அது நிறைவான வேலை. உங்கள் மகளின் மனசு அங்கே இல்லை என்பது அவள் எழுதிக் கொடுத்த அரைப் பக்கத்தைப் படித்தாலே தெரிகிறது. தண்ணீரில் மூழ்கிய நெல் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்டிருக்கிறாள்.

டெல்டாவில் விவசாயம் செய்யும் குடும்பம் என்பதால் சி.ஆர். 1009 சப் 1 ரகம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. அந்தப் பெயரில் உள்ள 'சப் 1' அவள் கேட்ட கேள்வியின் பதில்தான். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல்லிலிருந்து வந்த மரபணுக் கொத்து அது. அதில் வேலை செய்வது சப்1ஏ என்ற மரபணு என்று 2006-இல் கண்டுபிடித்தார்கள். சாதாரண நெல் மூழ்கியதும் மேலே வரத் துடித்து வேகமாக நீளும், சேர்த்துவைத்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துவிட்டுச் சாகும். சப்1ஏ உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும். இரண்டு வாரம் வரைக்கும் தாக்குப்பிடித்து, தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். தாவர உயிரியல் ஆய்வு என்று அவள் சொல்வது இந்த மாதிரி வேலையை. வீட்டில் இதை யாரும் எடுத்துச் சொல்லாததால், பூ பறித்து ஒட்டி ரெக்கார்டு நோட்டு எழுதும் படிப்பை இன்னும் ஐந்து வருஷம் நீட்டுகிறாள் என்று நீங்கள் நினைத்திருக்கலாம்.

முதலில் பணம். முழுநேர பி.எச்டி. கைக்காசு போட்டுப் படிக்க வேண்டிய படிப்பு இல்லை. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் மதிப்பீட்டில் தேறி அதன் முதுநிலையான எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்து ஆண்டு வரை கிடைக்கும். பணம் சில சமயம் மாதக்கணக்கில் தாமதித்து, சேர்ந்தாற்போல் வரும். அதனால் முதல் நான்கைந்து மாதத்துக்குக் கையில் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும். அதற்குமேல் வீட்டுக்குப் பாரம் இல்லை.

அந்தத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, பொதுவாக ஜூன், டிசம்பர் பருவங்களில் வருகிறது. தாவரவியல் படித்தவர்கள் உயிர் அறிவியல் தாளைப் பார்த்ததுமே மிரள்வார்கள். விலங்கு உடலியங்கியல், நோய் எதிர்ப்பாற்றல் என்று எம்.எஸ்சி.யில் எட்டிக்கூடப் பார்க்காத பகுதிகள் அதில் உண்டு. ஆனால் தாளின் அமைப்பைக் கவனியுங்கள். மொத்தம் 200 மதிப்பெண். அதில் 100 மதிப்பெண் சி பகுதிக்கு. அங்கே 75 கேள்வி கொடுத்து 25-க்குப் பதில் எழுதினால் போதும் என்கிறார்கள். தெரியாத விலங்கியலைத் தொடவே வேண்டாம். தாவர உடலியங்கியல், மரபியல், சூழலியல், பரிணாமம், ஆய்வு முறைகள் இந்த ஐந்தையும் ஆழமாகப் படித்தால் அந்த 25 தேறும். தவறான பதிலுக்கு மதிப்பெண் குறையும் என்பதால் ஊகித்து எழுதுவது ஆபத்து. கோச்சிங் சென்டருக்குப் பெரிய தொகை கட்டுவதற்கு முன், பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜே.ஆர்.எஃப். கட் ஆஃப் எட்டாவிட்டாலும், நெட் மதிப்பெண்ணையே பி.எச்டி. சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ளும் வசதியை 2024-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. கொண்டுவந்தது. சேர்க்கையில் அதற்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் எடை. ஆனால் அந்த வழியில் ஜே.ஆர்.எஃப். பணம் வராது. இது போக, உயிர்தொழில்நுட்பத் துறையின் பெட் தேர்வு, பெங்களூருவின் உயிரியல் ஆய்வு மையமான என்.சி.பி.எஸ். போன்ற இடங்களுக்கான ஜே.ஜி.ஈ.பி.ஐ.எல்.எஸ். தேர்வு, தாவரவியலை விருப்பப் பகுதியாக எடுக்கக்கூடிய கேட் (GATE) தேர்வு எல்லாம் இருக்கின்றன. தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையும் உண்டு. பட்டியல் இனம், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கென மத்திய அரசின் தேசிய உதவித்தொகைகள் தனியாக இருக்கின்றன. எது பொருந்துமோ அதற்கு அவளை விண்ணப்பிக்க வையுங்கள்.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: உதவித்தொகை எதுவும் கையில் இல்லாமல் இந்த ஆண்டே அவசரப்பட்டுச் சேர வேண்டாம். "இப்ப சேர்ந்துக்கோம்மா, ஃபெலோஷிப் அப்புறம் பாத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் வாடகைக்கும் கெமிக்கலுக்கும் தாங்களே செலவழித்து, மூன்றாம் ஆண்டில் தனியார் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராகப் போய், ஆய்வும் இழுபட்டு, உடம்பும் கெட்டு நிற்பதை நான் நிறையப் பார்க்கிறேன். ஒரு வருடம் ஒதுக்கி இரண்டு முறை தேர்வு எழுதுவது இதைவிட எவ்வளவோ மேல். ப்ராஜெக்டில் சம்பளம் தருகிறோம் என்று ஓர் ஆய்வகம் அழைத்தால் போகலாம், வேலை கற்றுக்கொள்ள அது நல்ல வழி. ஆனால் ப்ராஜெக்ட் எந்த மாதம் முடிகிறது என்று கேட்டுக்கொண்டு போகட்டும். மூன்றாண்டில் ப்ராஜெக்ட் முடியும், தீசிஸ் முடியாது.

அடுத்து நெறியாளர், அதாவது ஆய்வை வழிநடத்தும் ஆசிரியர். பெற்றோர் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது யாரிடம் சேர்கிறாள், எந்தச் செடியில் வேலை செய்யப்போகிறாள் என்பதைத்தான். தாவர ஆய்வில் காலத்தை முடிவு செய்வது செடி. இதை அவளுக்கும் விளக்க வேண்டியிருக்கலாம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உலகம் முழுக்கத் தாவர ஆய்வகங்களில் வளர்க்கப்படும் அரபிடாப்சிஸ் கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடி. விதை போட்டு அடுத்த விதை எடுக்க ஆறு முதல் எட்டு வாரம் போதும். அதில் ஒரு மரபணுவை மாற்றிப் பார்க்கும் சோதனையை ஓர் ஆண்டுக்குள் பல முறை செய்யலாம். நெல்லில் அதே சோதனை என்றால் கதை வேறு. உமி நீக்கிய விதையைச் சுத்தம் செய்து, மீடியம் என்ற ஊட்டக் கூழில் வைத்து, இருட்டில் கேலஸ் என்ற செல் திரளை எடுக்க மூன்று நான்கு வாரம். பிறகு மரபணுவைச் செடிக்குள் கொண்டுபோகும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவைச் சேர்த்து, மருந்து கலந்த மீடியத்தில் பிழைப்பதை மட்டும் பொறுக்கி, அதிலிருந்து குருத்து, வேர் வரவழைத்து, தொட்டிக்கு மாற்ற மொத்தம் நான்கு மாதமாவது ஆகும். இடையில் ஒரு நாள் காலையில் தட்டைத் திறந்தால் வெள்ளைப் பஞ்சாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். "கன்டாமினேஷன் ஆயிடுச்சு" என்று தட்டையெல்லாம் நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். தப்பிப் பிழைத்த செடி கதிர் வைத்து, அந்த விதையை விதைத்து, மாற்றம் நிலைத்த செடி வரிசையை (தலைமுறை தோறும் அதே மாற்றத்தோடு வரும் செடிகளை) பிரித்தெடுக்க இன்னும் இரண்டு தலைமுறை. ஆக, உண்மையான கேள்வியைக் கேட்கத் தொடங்கும் முன்பே ஒன்றரை ஆண்டு போய்விடும். அந்த வரிசைகளை ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் ஆய்வகத்தில் சேர்ந்தால் அந்த ஒன்றரை ஆண்டு மிச்சம்.

வகைப்பாட்டியல் பக்கம் போனால் பருவம்தான் எஜமான். மழைக்குப் பின் இரண்டு வாரமே பூக்கும் ஒரு செடியை இந்த ஆண்டு தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அதன் பூப்பை மட்டும் நம்பி யாரும் ஆய்வுத் தலைப்பு எடுக்க முடியாது. காப்புக்காட்டில் செடி சேகரிக்க வனத்துறை அனுமதி வேண்டும், சரணாலயம் என்றால் இன்னும் மேலே போக வேண்டும். அனுமதி வரவே பல மாதமாகலாம். அதனால் தலைப்பு பதிவான வாரமே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

நெறியாளரைப் பற்றி விசாரிக்க நல்ல இடம் சோத்கங்கா இணையதளம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. நெறியாளர் பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். எத்தனை பேர் முடித்தார்கள், எந்தெந்த ஆண்டில் என்று பார்க்கட்டும். பிறகு அந்த ஆய்வகத்தில் இப்போது இருக்கும் மூத்த மாணவி ஒருவரிடம் தனியாகப் பேசட்டும். ஞாயிற்றுக்கிழமை யார் வருகிறார்கள், கெமிக்கல் ஆர்டர் போட்டால் எத்தனை நாளில் வருகிறது, மின்சாரம் போனால் வளர்ப்பு அறைக்கு ஜெனரேட்டர் உண்டா, சார் கோபக்காரரா, மேடம் தீசிஸ் திருத்திக் கொடுக்க எவ்வளவு நாள் எடுக்கிறார் என்று எல்லாவற்றையும் கேட்கலாம். நெறியாளரின் ஓய்வு ஆண்டும் முக்கியம். மூன்று ஆண்டுக்குக் குறைவாகப் பணி உள்ளவர் புது மாணவர்களை எடுக்கக் கூடாது என்பது யு.ஜி.சி.யின் 2022 விதி. பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 என்ற வரம்பும் அதில் இருக்கிறது.

இடங்களைச் சொல்வதானால், மூலக்கூறு அளவில் நெல் ஆய்வு செய்ய டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபணுத்தொகுதி ஆராய்ச்சி நிறுவனம், ஹைதராபாத் பல்கலைக்கழகத் தாவர அறிவியல் துறை, லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் நல்லவை. தமிழ்நாட்டை விட்டுப் போக மனமில்லை என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையம், மதுரை காமராசர், பாரதிதாசன் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கோவை இதற்கென்றே அமைந்த ஊர்: வேளாண் பல்கலைக்கழகம், 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம், வன மரபியல் நிறுவனம், இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென் மண்டல மையம் எல்லாம் அங்கேதான். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்து, 1931-இல் மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தது அந்தக் கரும்பு நிறுவனத்தில்தான். ஒரு பெண் கடல் கடந்து தாவரவியல் படிப்பதை யாரும் நினைத்துப் பார்க்காத காலம் அது. கோவை போனால் உங்கள் மகள் அந்த வளாகத்தைப் பார்த்துவிட்டு வரட்டும்.

வேலை பற்றிப் பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை. அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, அறிவிப்பும் ஆண்டுதோறும் வருவதில்லை. தவிர, 2023 ஜூலை முதல் அந்தப் பணிக்குக் குறைந்தபட்சத் தகுதி நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வுதான், பி.எச்டி. கட்டாயம் இல்லை. கல்லூரி வேலை மட்டுமே குறி என்றால் முதலில் நெட், செட் முடித்தால் போதும். ஆய்வுதான் வாழ்க்கை என்றால் பி.எச்டி. வேண்டும். அதன்பின் சில ஆண்டு முதுமுனைவர் ஆய்வு, பிறகு ஆய்வு நிறுவனங்களில் விஞ்ஞானி. ஹைதராபாத், பெங்களூரு விதை நிறுவனங்கள், மூலிகை மருந்து நிறுவனங்களின் தரக் கட்டுப்பாடு, காப்புரிமை அலுவலகங்கள் என்று தனியார் பக்கமும் வாய்ப்பு உண்டு. அங்கே பட்டத்தைவிடக் கையில் உள்ள திறனைத்தான் கேட்பார்கள். திசு வளர்ப்பு, டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர்., கொஞ்சம் கணினி நிரல் தெரிந்த தாவரவியல் பெண்ணுக்கு வேலை சீக்கிரம் அமைகிறது. 'ஆர்' என்ற கணினி மொழியில் புள்ளியியல் செய்ய இப்போதே பழகட்டும்.

இன்னொன்று: முன்பு போல ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற நிபந்தனை 2022 விதியில் இல்லை, பல்கலைக்கழகங்கள் தனியாக விதிக்கலாம். அதைச் சாக்காக வைத்து, பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் பத்திரிகைகளில் அவள் பெயர் ஒருபோதும் வரக் கூடாது. நேர்காணலில் அது பெரிய கறை.

கல்யாணம். இதை அவளிடம் பேசாமல் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். பி.எச்டி.க்கு ஆறு ஆண்டு உச்சவரம்பு, தேவைப்பட்டால் இரண்டு ஆண்டு நீட்டிப்பு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. அதாவது கல்யாணம் ஆனாலும் படிப்பு நிற்க வேண்டியதில்லை என்பதற்கு விதியே இருக்கிறது. நல்ல வரன் வந்தால் பாருங்கள். ஆனால் ஆய்வகத்துக்குத் தினமும் போக வேண்டிய படிப்பு இது என்று பேச்சு தொடங்கும்போதே பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். வேறு ஊருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, செடிகளை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். நடைமுறையில் அது பாதி ஆய்வை இழப்பதற்குச் சமம்.

இப்போதைக்கு அவள் மூன்று நெறியாளர்களுக்குத் தனித்தனியாக மின்னஞ்சல் எழுதட்டும். அவர்களுடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் தோன்றிய ஒரு கேள்வியோடு, அரைப் பக்கத்துக்கு மேல் போகாமல். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். உங்களிடம் காட்டிய அந்த மூழ்கிய நெல் கேள்வியையே எழுதலாம், நன்றாக இருக்கிறது. பி.எட். விண்ணப்பத்தை இந்த ஆண்டு நிறுத்திவையுங்கள். அடுத்து வரும் நெட் முடிவு வந்ததும், மதிப்பெண் அட்டையோடும் அந்த மூன்று பதில்களோடும் அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள். அவளுடைய அப்பாவும் வரட்டும், வயல் பற்றி அவரிடம் எனக்கும் சில கேள்விகள் இருக்கின்றன.