சுண்ணாம்புக்கு முன்னால் எண்ணெய்

கேள்வி: எங்கள் பட்டறையில் லேத் இயந்திரங்களின் குளிர்த்தி எண்ணெய் நீரும், நாக (துத்தநாக) முலாம் கழுவிய மஞ்சள் நீரும் ஒரே தொட்டியில் விழுகின்றன. சுண்ணாம்பு போட்டும் நீர் பால்போலவே நிற்கிறது. ஆய்வில் நாகம், குரோமியம் இரண்டும் குறையவில்லை. எங்கே பிழை?
- வாசகர், இரத்மலானை

பதில்: வரிசையில்தான் பிழை. பால்போல் கலந்த எண்ணெய் தானாக மிதக்காது. அதற்குள் சுண்ணாம்பைப் போட்டால் உருவாகும் உலோகத் துகள்களில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். அவை படியாமல் அலையும். முதலில் இரண்டு நீருக்கும் தனித்தனிக் குழாய் போடுங்கள்.

எண்ணெய் நீரை ஒரு நாள் அசையாமல் விட்டு மேலே மிதப்பதை வழித்தெடுங்கள். பிறகு சல்பூரிக் அமிலத்தால் பீஎச்சை (அமில, கார அளவு; 7 நடுநிலை, குறைந்தால் அமிலம்) 3க்கு இறக்கினால் பால் முறிந்து எண்ணெய் மேலே வரும். மிச்சத்துக்குப் படிகாரம். அளவை ஊகிக்க வேண்டாம்: ஐந்து பாத்திரங்களில் ஒவ்வொரு லீற்றர் எடுத்து 0.5, 1, 1.5, 2, 3 கிராம் போட்டு, பீஎச்சை 7 அளவுக்கு உயர்த்தி, ஒரு நிமிடம் வேகமாகவும் 15 நிமிடம் மெதுவாகவும் கலக்குங்கள். தெளிந்தவற்றில் மிகக் குறைந்த அளவே உங்களுக்கு உரியது.

மஞ்சள் நீரில் இருப்பது ஆறு வலுவளவுக் குரோமியம். சுண்ணாம்புக்கு அது படியாது. பீஎச் 2.5இல் வைத்து, ஒரு கிராம் குரோமியத்துக்கு ஏறத்தாழ 3 கிராம் சோடியம் மெட்டாபைசல்பைட் இடுங்கள். மஞ்சள் போய்ப் பச்சை வரவேண்டும்; அப்போதுதான் குரோமியம் சுண்ணாம்புக்குப் படியும் வடிவுக்கு மாறியிருக்கும். மூச்சடைக்கும் வாயு கிளம்பும், காற்றோட்டம் அவசியம். உங்கள் முலாம் தொட்டியில் சயனைட் இருந்தால் அந்த நீருக்கு அருகிலும் அமிலத்தைக் கொண்டுபோகாதீர்கள். எழும் வாயு உயிரைக் குடிக்கும்.

இப்போது இரண்டையும் சேர்த்துச் சுண்ணாம்புப் பாலால் பீஎச்சை 9க்குக் கொண்டுவாருங்கள். கூடுதலாகப் போட்டால் நல்லதென்று நினைப்பவர்கள் பலர். 11ஐத் தாண்டினால் படிந்த நாகம் திரும்பக் கரையும். நிக்கல் முலாமும் செய்தால் அதற்கு 10க்கு மேல் தேவை, அந்த நீரைத் தனியே பிரித்துவிடுங்கள். பீஎச் மீற்றரின் கண்ணாடி முனையில் எண்ணெய் படிந்தால் பொய்யான அளவு காட்டும். தினமும் சவர்க்கார நீரில் கழுவி, பீஎச் தெரிந்த கரைசலில் சரிபாருங்கள்.

அடியில் படிந்த சேறு குப்பைக்கோ கானுக்கோ போகக்கூடாது. இரத்மலானைக் கழிவு லுணாவ களப்பை எப்படி மாசாக்கியது என்பது உங்கள் ஊருக்கே தெரியும். பிழிந்து, மூடிய பீப்பாவில் பெயரெழுதி வைத்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவர்களிடம் மட்டும் ஒப்படையுங்கள்.